அலுவலர் சொல்லுக்கு வயலில் என்ன அடையாளம்?

முப்பது, நாற்பது ஆண்டுகளாக நெல் பயிரிட்டு வரும் ஒருவரின் வயலுக்கு, பட்டப்படிப்பு முடித்து இரண்டே ஆண்டு ஆன வேளாண்மை அலுவலர் வந்து நிற்கிறார். வரப்பில் நின்றபடியே பயிரைப் பார்த்துவிட்டு, "மேலுரமாக யூரியா போட்டுவிடுங்கள் ஐயா" என்கிறார். "இப்போ தழைச்சத்து ஏத்தினா புகையான் ஏறுமே, சார்?" என்று விவசாயி கேட்கிறார். கேள்வி சரியான கேள்விதான். இதற்கு அலுவலர் என்ன பதில் சொல்கிறார் என்பதைப் பொறுத்தே அந்த ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்குமா, இராதா என்பது முடிவாகிறது.

"சிபாரிசில் அப்படித்தான் இருக்கிறது" என்று சொல்லி முடித்துக்கொள்வோர் உண்டு. விவசாயிக்குப் புரியாத நான்கு சொற்களைச் சொல்லி வாயடைத்துவிடுவோரும் உண்டு. கேள்வி காதில் விழாததுபோல அடுத்த வயலுக்கு நடப்பவர்களும் உண்டு. இன்னும் சிலர் செருப்பைக் கழற்றிவிட்டு வயலில் இறங்கி, ஒரு குத்தை விரித்து, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டில் பூச்சி இருக்கிறதா என்று விவசாயியையும் அழைத்துப் பார்க்கச் சொல்வார்கள். அடுத்த போகத்தில் விவசாயிகள் தேடிப் போவது இந்தக் கடைசி வகையினரைத்தான்.

விவரம் தெரிந்த விவசாயியிடம் நிபுணர் தம் மதிப்பை எப்படிக் காப்பாற்றிக்கொள்கிறார் என்பது அலுவலர்களின் கவலை மட்டுமன்று. தவறான ஆலோசனைக்கான செலவு, மருந்து, கூலி, இழந்த மகசூல் எல்லாம் விவசாயியின் கணக்கில்தான் ஏறுகின்றன. ஆகவே எந்தச் சொல்லை நம்பலாம், எந்தச் சொல்லைச் சரிபார்க்க வேண்டும் என்று பிரித்தறிவது இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு உரம், விதையைப் போலவே அவசியமானது.

விளைச்சலே சாட்சி சொன்ன காலம்

தஞ்சாவூர் மாவட்டத்தில் 1960-61ஆம் ஆண்டு தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டம் தொடங்கியது. ஊர்களில் அதைப் 'பேக்கேஜ் திட்டம்' என்றே சொன்னார்கள். பின்னர் ஆடுதுறை 27 வந்தது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐ.ஆர். 8 வந்தது. வட ஆர்க்காடு மாவட்டத்தில் ஒரு விவசாயி தம் மகனுக்கே 'ஐ.ஆர். எட்டு' என்று பெயர் வைத்தார். அந்நாளில் அலுவலர் சொல்லுக்குக் களத்து மேட்டில் குவிந்த நெல்லே சாட்சி. விதை, உரம், மருந்து, கடன் எல்லாம் பெரும்பாலும் அவர் கை வழியாகவே ஊருக்குள் வந்ததால், அவரிடம் எதிர்க்கேள்வி கேட்பவர்களும் குறைவு.

1980-களில் பயிற்சி மற்றும் வருகைத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, குறித்த நாளில், குறித்த ஊருக்கு அலுவலர் வருவார். தொடர்பு விவசாயி ஒருவரிடம் செய்தியைச் சொல்வார். அவர் மற்றவர்களுக்குச் சொல்வார். ஒழுங்கான ஏற்பாடுதான். ஆனால் செய்தி மேலிருந்து கீழே வந்ததே தவிர, வயலில் கண்டது மேலே போவதற்கு அவ்வளவு வசதி இல்லை.

இன்றைய நிலை வேறு. விதையும் உரமும் தனியார் கடையில் கிடைக்கின்றன. வீட்டில் ஒரு பிள்ளை பட்டதாரியாக இருக்கிறது. கையில் தொலைபேசி இருக்கிறது. தேசிய மாதிரி ஆய்வு அமைப்பு 2003-ல் நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பில், புதிய தொழில்நுட்பம் பற்றி எந்த வழியிலாவது தகவல் பெற்ற விவசாயக் குடும்பங்கள் நூற்றுக்கு 40 தான். மற்ற முன்னோடி விவசாயிகளிடம் கேட்டறிந்தவர்கள் 16.7 சதவீதம், இடுபொருள் விற்பவர்களிடம் கேட்டவர்கள் 13.1 சதவீதம், வானொலி மூலம் அறிந்தவர்கள் 13 சதவீதம். விரிவாக்கப் பணியாளரிடம் கேட்டவர்கள் 5.7 சதவீதம் மட்டுமே. அரசு நிபுணர் கேட்காமலே கேட்கப்பட்ட காலம் 2003-லேயே முடிந்துபோயிருந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

புகையான் நடத்திய பாடம்

நிபுணர்களின் மதிப்பை ஆசியா முழுவதும் உரசிப் பார்த்த பூச்சி புகையான். 1970-களின் தொடக்கத்தில் குட்டை ரகங்களும் அதிகத் தழைச்சத்தும் பரவிய பகுதிகளிலெல்லாம் அது பெருகியது. கேரளத்தின் குட்டநாட்டில் 1973-74ஆம் ஆண்டு ஏற்பட்ட தாக்குதல் மிகக் கடுமையானது. வட்ட வட்டமாகப் பயிர் காய்ந்து, தீய்ந்ததுபோல் நிற்கும் வயல்களைக் கண்ட தலைமுறை இன்னும் இருக்கிறது.

அப்போது விவசாயிகளுக்குச் சொல்லப்பட்டது, நாள் கணக்கு வைத்து மருந்து அடிக்க வேண்டும் என்பதே. நட்ட இத்தனையாம் நாள் ஒன்று, மறுபடி இத்தனையாம் நாள் ஒன்று என்று அட்டவணையே இருந்தது. மருந்து அடித்த பிறகும் புகையான் ஏறியது என்று விவசாயி வந்து சொன்னால், வழக்கமாகக் கிடைத்த பதில்: "அளவு போதவில்லை; இன்னொரு முறை அடியுங்கள்."

உண்மையில் நடந்தது என்ன என்பதைப் பீட்டர் கென்மோர் என்ற பூச்சியியல் ஆராய்ச்சியாளர் 1970-களின் பிற்பகுதியில் பிலிப்பைன்ஸ் வயல்களில் ஆராய்ந்து காட்டினார். புகையான் தன் முட்டைகளை இலையுறைக்குள் செருகி வைக்கிறது. மேலே தெளிக்கும் மருந்து முட்டையை எட்டுவதில்லை. ஆனால் வெளியே திரியும் சிலந்தியையும், முட்டையை உறிஞ்சிக் குடிக்கும் மிரிட் நாவாய்ப்பூச்சியையும் அது கொன்றுவிடுகிறது. ஒரு வாரத்துக்குப் பின் முட்டை பொரிக்கும்போது குஞ்சுகளைத் தின்ன வயலில் ஆளே இல்லை. அடுத்த தலைமுறை பல மடங்கு பெருகுகிறது. மருந்து அடித்ததால்தான் பூச்சி ஏறியது. சந்தேகப்பட்ட விவசாயியின் கண்ணில் குற்றமில்லை. காரணம்தான் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தது விஞ்ஞானம்தான் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

இந்தோனேசிய அரசு 1986 நவம்பரில் நெற்பயிருக்கு 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது. அதுவரை மருந்து விலையில் பெரும்பகுதியை அரசே மானியமாகக் கொடுத்து வந்தது. அந்த மானியமும் 1989-க்குள் நிறுத்தப்பட்டது. நெல் உற்பத்தி அதனால் விழுந்துவிடவில்லை. ஆனால் ஓர் இக்கட்டு எழுந்தது. இருபது ஆண்டுகளாக "அடியுங்கள்" என்று சொல்லி வந்த அதே அலுவலர்கள், இப்போது "அடிக்காதீர்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று. எந்த முகத்தோடு போய்ச் சொல்வது?

அதற்குக் கண்ட வழிதான் உழவர் வயல்வெளிப் பள்ளி. அங்கே அலுவலர் மேடையில் நின்று பேசுவதில்லை. வாரம் ஒரு நாள், போகம் முழுவதும், இருபத்தைந்து முப்பது விவசாயிகள் வயலில் இறங்கிக் குத்துகளை எண்ணிப் பார்த்து, கண்டதைத் தாளில் வரைகிறார்கள். ஒருவர் ஒரு பூச்சியைப் பிடித்துவந்து "இது என்ன?" என்று கேட்டால், பயிற்சியாளர் உடனே பெயரைச் சொல்லிவிடக் கூடாது என்பது அங்கே விதி. "எங்கே பிடித்தீர்கள்? அது என்ன செய்துகொண்டிருந்தது? பக்கத்தில் வேறு என்ன இருந்தது?" என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும். நெற்செடியைக் கண்ணாடிக் குடுவையிலோ வலைக்கூண்டிலோ வைத்து, உள்ளே புகையானையும் ஒரு சிலந்தியையும் விட்டு, மறுநாள் எண்ணிப் பார்க்கிறார்கள். ஓநாய்ச் சிலந்தி ஒரு நாளைக்கு ஐந்திலிருந்து பதினைந்து பூச்சி வரை தின்னும் என்பதைப் புத்தகத்தில் படிப்பதற்கும், தன் கையால் விட்டதைத் தானே எண்ணிப் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. இந்தியாவிலும் 1994 முதல் மத்திய ஒருங்கிணைந்த பயிர்ப் பாதுகாப்பு மையங்கள் வழியாக இத்தகைய பள்ளிகள் நடந்தன.

சில அலுவலர்களுக்கு இது பிடிக்கவில்லை. பெயரைக்கூடச் சொல்லாத நிபுணரை எவன் மதிப்பான் என்பது அவர்கள் கேள்வி. கவனித்தால் விஷயம் வேறாகத் தெரியும். கூண்டில் எதை வைக்க வேண்டும், எத்தனை நாள் கழித்துப் பார்க்க வேண்டும், எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டித் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். நிபுணத்துவம் எங்கும் போய்விடவில்லை. அது விவசாயியின் கண்ணுக்குச் சான்றாக மாறிய பிறகு, யாரும் மறுக்க முடியாததாகிவிடுகிறது.

"ஒரு மூலையில் மட்டும் அடிக்காமல் விடுங்கள்"

வியட்நாமில் நடந்தது இதைவிட எளிமையானது. நட்ட இளம்பயிரில் இலைச்சுருட்டுப்புழு இலையைச் சுரண்டி வெள்ளையாக்குவதைப் பார்த்ததும் அங்குள்ள விவசாயிகள் மருந்து அடித்து வந்தார்கள். இளம்பயிர் அந்தச் சேதத்தைத் தானே சரிசெய்துகொள்ளும், புதிய இலை விட்டுத் தேறிவிடும் என்று விஞ்ஞானிகளுக்குத் தெரியும். அதைச் சொன்னால் நம்புவார்களா? கண்ணெதிரே இலை வெளுத்து நிற்கிறதே.

ஹியாங், எஸ்கலாடா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் மீகாங் டெல்டாவில் ஒரு வழி செய்தார்கள். "விதைத்த 40 நாள் வரை இலை தின்னும் பூச்சிக்கு மருந்து தேவையில்லை என்று சொல்கிறோம். எங்களை நம்ப வேண்டாம். உங்கள் வயலில் ஒரு சிறு பகுதியில் மட்டும் அடிக்காமல் விட்டுப் பாருங்கள்; அறுவடையில் அதைத் தனியே அளந்து பாருங்கள்" என்பதுதான் அவர்கள் செய்தி. லாங் ஆன் மாகாணத்தில் அது வானொலி, துண்டுப் பிரசுரம், சுவரொட்டி வழியாகப் பரவியது. மருந்து தெளிக்கும் தடவைகள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தன. நம்பும்படி கேட்காமலே நம்பிக்கை பெற்றார்கள் அவர்கள்.

தமிழ்நாட்டு விவசாயிக்கும் இது பொருந்தும். அரை ஏக்கர் வயலிலும் ஐந்து சென்ட் ஒதுக்க முடியும். புதிய மருந்து, புதிய உரம், புதிய டானிக் எதுவானாலும் ஒரு பாத்தி இடாமல் விட்டு வைத்தால்தான் அது வேலை செய்ததா, மழை வேலை செய்ததா என்று தெரியும். முழு வயலிலும் அடித்துவிட்டால் ஒப்பிடுவதற்கு எதுவும் மிஞ்சாது. அப்போது யார் உரத்துப் பேசுகிறார்களோ அவர் சொல்வதே முடிவாகிவிடும். விடப்பட்ட பாத்தி வரப்போரமாகவோ மர நிழலிலோ இருக்கக் கூடாது. வயலின் மற்றப் பகுதியைப் போன்றே இருக்க வேண்டும்.

கண்ணுக்குத் தெரிவது, தெரியாதது

அப்படியானால் எல்லாம் விவசாயிக்கே தெரியும், நிபுணர் தேவையில்லை என்றாகிவிடுமா? ஆகாது. ஜெஃப்ரி பென்ட்லி என்ற மானிடவியல் அறிஞர் ஹோண்டுராஸ் நாட்டுச் சிறு விவசாயிகளிடம் ஆராய்ந்து 1989-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். விவசாயிக்குப் பயிரைப் பற்றி மிக நன்றாகத் தெரிகிறது; பூச்சியைப் பற்றி ஓரளவு; பயிர் நோய் பற்றி மிகக் குறைவு என்று அவர் கண்டார். காரணம் எளிது. பயிரைத் தினமும் பார்க்கிறார். பூச்சியைச் சில நேரம் பார்க்கிறார். பூசணத்தையும் நச்சுயிரியையும் யாரும் கண்ணால் பார்ப்பதில்லை. கூடு கட்டும் குளவி அவருக்குத் தெரியும். புழுவின் உடம்புக்குள் முட்டையிடும் சின்னக் குளவி தெரியாது.

இங்கும் அப்படியே. எந்த மடையில் தண்ணீர் தங்கும், எந்த வயலில் எந்த ரகம் சாயும், கூலியாள் எந்த வாரம் கிடைக்கும் என்பதில் விவசாயிக்கு இணையான நிபுணர் இல்லை. ஆனால் துங்ரோ நோயால் பயிர் மஞ்சளாகும்போது தழைச்சத்துக் குறைவு என்று எண்ணி யூரியா போடுபவர்கள் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி கொண்டுவந்த நச்சுயிரி அது என்பது வெறும் கண்ணுக்குத் தெரியாது. துத்தநாகச் சத்துக் குறைவால் இலையில் துரு நிறப் புள்ளி விழுவதை நோய் என்று எண்ணிப் பூசணக்கொல்லி அடிப்பவர்களும் உண்டு. அதற்கு வேண்டியது ஏக்கருக்குப் பத்து கிலோ துத்தநாக சல்பேட். வாழை தேறாமல் நிற்கும்போது மேலே எவ்வளவு பார்த்தாலும் விடை கிடைக்காது. ஒரு மரத்தின் வேரைத் தோண்டி நீளவாக்கில் கீறிப் பார்த்தால், நூற்புழு துளைத்த இடம் செம்பழுப்பாகத் தெரியும்.

நிபுணரின் உண்மையான மதிப்பு இங்கேதான் இருக்கிறது. தெரியாததைத் தெரியவைக்க அவரால் முடியும். கதிர் வெளுத்துக் காய்ந்து நிற்கிறது; தண்டுத்துளைப்பானா, கழுத்துக் குலை நோயா? இரண்டுக்கும் மருந்து வேறு. கதிரை மெதுவாக இழுத்தால் சுலபமாகக் கையோடு வந்து, அடியில் புழு கடித்த அடையாளம் இருந்தால் தண்டுத்துளைப்பான். கதிரின் கழுத்துப் பகுதி கறுத்து, அங்கேயே ஒடிந்தால் குலை நோய். இதை ஒரு முறை காட்டிவிட்டால் அந்த விவசாயி பத்துப் பேருக்குக் காட்டுவார். அதனால் அலுவலர் மதிப்பு குறைந்ததாக எந்த ஊரிலும் கேள்வி இல்லை.

"சும்மா விடுங்கள்" என்று சொல்வது

எதுவும் எழுதிக் கொடுக்காமல் அனுப்புவதே நிபுணருக்கு மிகக் கடினமான ஆலோசனை. ஊசி போடாத டாக்டரிடம் நோயாளி திருப்தியடைவதில்லை. மருந்துப் பெயர் சொல்லாத அலுவலரிடம் விவசாயியும் அப்படித்தான். இரண்டு பஸ் மாறி வந்தவரிடம் "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று சொல்ல மனம் வராமல், தீங்கில்லாத ஏதோ ஒன்றை எழுதிக் கொடுத்துவிடுவதும் நடக்கிறது. அது தீங்கில்லாததாக இருப்பதும் அபூர்வம்.

தென்னையில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது இது பெரிய அளவில் தெரிந்தது. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி 2016-ல் பொள்ளாச்சிப் பகுதியில் காணப்பட்டது. பொள்ளாச்சித் தென்னை விவசாயிகள் விவரமறியாதவர்கள் அல்லர். ஓலைகளெல்லாம் கரும்பூசணம் படிந்து கறுத்து நிற்கும்போது, "பூச்சிமருந்து அடிக்காதீர்கள்" என்று பல்கலைக்கழகம் சொன்னால் எவருக்கும் கோபம் வரத்தான் செய்யும். பலர் அடிக்கவும் செய்தார்கள்.

ஆனால் அந்தச் சொல்லுக்கு ஓர் அடையாளம் இருந்தது. வெள்ளை ஈயைத் தேடி என்கார்சியா என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி தோப்புக்குள் வந்துவிட்டது. அது தாக்கிய கூட்டுப்புழு வெள்ளை நிறம் மாறிக் கறுத்துவிடும். கீழ் ஓலை ஒன்றை வெட்டி, அடிப்புறத்தைத் திருப்பி, உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தால் கறுத்தவை எத்தனை, வெள்ளையானவை எத்தனை என்று எண்ணிவிடலாம். கறுப்பு என்றதும் கரும்பூசணத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது கீழ் ஓலைகளின் மேற்புறத்தில் பொடியாகப் படிவது. கறுத்த கூட்டுப்புழு நிறைய இருக்கும் தோப்பில் மருந்து அடித்தால் முதலில் சாவது குளவிதான். அந்த ஓலைத் துண்டுகளை வெட்டி, குளவி இல்லாத மரங்களில் கட்டிவிடலாம். மஞ்சள் ஒட்டுப்பொறி வைப்பதும், தண்ணீரை விசையாகப் பீய்ச்சுவதும், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவு காய்ச்சிய பசையைத் தெளிப்பதும் மற்றச் சிபாரிசுகள்.

வெள்ளை ஈ ஒழிந்துவிடவில்லை. வறண்ட மாதங்களில் மறுபடி ஏறுகிறது. விவசாயிகளின் மனக்குறையும் தீரவில்லை. ஒழிந்துவிடும் என்று வாக்குக் கொடுத்தவர்கள் இப்போது தோப்புக்குள் போகத் தயங்குகிறார்கள். ஓலையைத் திருப்பிக் காட்டியவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை.

கடையில் கிடைக்கும் ஆலோசனை

மருந்துக் கடைக்காரரை இந்தக் கணக்கில் விட்டுவிட முடியாது. காலையில் கடை திறந்திருக்கிறது. கேட்டதும் பதில் கிடைக்கிறது. அறுவடைக்குப் பிறகு பணம் கொடுத்தால் போதும். இதில் அலுவலர் போட்டியிட முடியாது. சில கடைக்காரர்களுக்குப் பயிர் நோய் பற்றி நல்ல அனுபவமும் உண்டு. இடுபொருள் விற்பவர்களுக்கென்றே வேளாண் விரிவாக்கப் பட்டயப் படிப்பு ஒன்று 2003 முதல் நடத்தப்படுகிறது.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. அவர் எதையும் விற்காமல் அனுப்பினால் அவருக்கு வருமானம் இல்லை. அவரிடம் கடன் வைத்திருக்கும் விவசாயி மருந்தை மறுக்கக் கூச்சப்படுகிறார். பூச்சிமருந்து ஒன்று, பூசண மருந்து ஒன்று, கூடவே ஒரு டானிக் என்று மூன்றையும் ஒரே டாங்கில் கலந்து அடிக்கச் சொன்னால், பயிர் தேறினாலும் எதனால் தேறியது என்று யாருக்கும் தெரியாது. அடுத்த முறையும் மூன்றையும் வாங்க வேண்டும். இது மதிப்பைக் காப்பாற்றிக்கொள்ளும் வழிகளில் மிகவும் கெட்டிக்காரத்தனமானது. விவசாயிக்கு மிகவும் செலவு வைப்பதும் இதுவே.

கடைக்காரரிடம் சண்டை போட வேண்டியதில்லை. "இதில் எது அவசியம்? ஒன்று மட்டும் கொடுங்கள்" என்று கேட்கலாம். மருந்தின் பெயரும் தொகுதி எண்ணும் எழுதிய ரசீதைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளலாம்.

முன்கூட்டியே கேட்க வேண்டியது

ஆலோசனை பலிக்காதபோது, "சிபாரிசு சரிதான், நீங்கள் செய்த விதம் தவறு" என்று கேட்காத விவசாயி இல்லை. பல நேரம் அது உண்மையும்கூட. புகையானுக்கு மருந்து அடிக்கும்போது பயிரின் மேலே பனிபோல் தூவிவிட்டுப் போனால் பயனில்லை. தண்டின் அடியில் படும்படி அடிக்க வேண்டும். கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு இருநூறு லிட்டர் தண்ணீர் வேண்டிய இடத்தில் ஐந்தாறு டாங்கோடு நிறுத்துவதும் உண்டு. ஆனால் இவற்றைப் பின்னால் சொல்வதில் நியாயமில்லை. அடிப்பதற்கு முன் சொன்னால் ஆலோசனை. பின் சொன்னால் சாக்கு.

ஆகவே அலுவலரோ, வேளாண் அறிவியல் நிலைய விஞ்ஞானியோ, கடைக்காரரோ, எவர் ஆலோசனை சொன்னாலும் அங்கேயே கேட்டுக்கொள்ள வேண்டியது: இது பலித்தால் எத்தனை நாளில், எங்கே பார்த்தால், என்ன தெரியும்? பலிக்கவில்லை என்பதை எதைக் கொண்டு அறிவது? தூருக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுக்கலாம் என்பது எண்ணிப் பார்க்கக்கூடிய பதில். வளர்ச்சிப் பருவத்தில் பத்து சதவீதக் குருத்து காய்ந்தால் தண்டுத்துளைப்பானுக்கு மருந்து என்பதும் அப்படியே. "நிறைய இருந்தால் அடியுங்கள்" என்பது பதில் அன்று.

யூரியா பற்றிய கேள்விக்கும் இப்போது கையில் பிடிக்கும் பதில் உண்டு. மத்திய கால ரகத்துக்கு ஹெக்டேருக்கு 150:50:50 கிலோ தழை, மணி, சாம்பல் சத்து என்பது பொதுச் சிபாரிசு. அது எல்லா வயலுக்கும் ஒரே சட்டை தைத்ததுபோல. பயிர் கரும்பச்சையாக நிற்க வேண்டும் என்ற பெருமை விவசாயிக்கு உண்டு. அந்தப் பச்சையே புகையானை அழைத்து வரும். இருவர் கண்ணுக்கும் பொதுவாக வந்தது இலை வண்ண அட்டை. நட்ட பதினான்காம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, நன்கு விரிந்த மேல் இலைகள் பத்தை எடுத்து, நேர் வெயில் படாமல் தம் நிழலில் வைத்து அட்டையோடு ஒப்பிட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒருவரே பார்ப்பது நல்லது. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4 என்ற பட்டைக்குக் கீழே பெரும்பாலான இலைகள் வந்தால்தான் யூரியா. பட்டை சரியாக இருந்தால், அலுவலர் போடச் சொன்னாலும் அந்த வாரம் வேண்டாம். அட்டையைக் கொடுத்த அலுவலர் தம் சொல்லையே விவசாயி மறுக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார்.

விதை விஷயத்தில் இந்த உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவின்படி, பதிவு செய்யப்பட்ட ரகத்தின் விதை விற்கப்படும்போது அந்த ரகத்தை உருவாக்கியவர், இன்ன சூழ்நிலையில் இன்ன விளைச்சல் தரும் என்று விவசாயியிடம் தெரிவிக்க வேண்டும். அந்தச் சூழ்நிலையில் அது கிடைக்கவில்லையென்றால் விவசாயி இழப்பீடு கோரலாம். விதை வாங்கும் விவசாயி நுகர்வோரே என்று உச்ச நீதிமன்றமும் 2012-ல் தீர்ப்பளித்தது. விதைப் பையையும், அதில் தைத்த அட்டையையும், ரசீதையும் அறுவடை முடியும்வரை எறியாமல் வைத்திருப்பவருக்கே இந்தச் சட்டம் பயன்படும். பையிலிருந்து ஒரு பிடி விதையை முடிந்து வைப்பதும் நல்லது.

நிபுணரைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடு போவதால் இரு தரப்புக்கும் நஷ்டம். "பயிர் மஞ்சளாக இருக்கிறது" என்று வாயால் சொன்னால், எவ்வளவு படித்தவரும் ஊகித்துத்தான் சொல்ல முடியும். மண் மாதிரி கொண்டு போவதானால், நெல் வயலில் பத்துப் பதினைந்து இடங்களில் ஆங்கில 'வி' வடிவில் பதினைந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு வெட்டி, ஓரத்து மண்ணைச் சீவி எடுத்து, கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளி, அரை கிலோவாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் கிடந்த இடம் ஆகியவற்றில் எடுக்கக் கூடாது. நோயுற்ற செடியானால் முழுவதும் காய்ந்ததைக் கொண்டு போவதில் பயனில்லை. நோய் தொடங்கிய நிலையில் உள்ள செடி இரண்டையும், அதே வயலில் நன்றாக இருக்கும் செடி ஒன்றையும் வேரோடு பிடுங்கிக்கொள்ள வேண்டும். ரகம், நட்ட தேதி, இட்ட உரம், அடித்த மருந்து, அடித்த நாள் இவற்றை ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொள்ளலாம். கடையில் வாங்கி அடித்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும்; அது தெரியாமல் கொடுக்கும் மருந்து பயிருக்கு ஆகாது. செடியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினால் வியர்த்து அழுகிவிடும். பழைய செய்தித்தாளில் சுற்றி, அன்றே கொண்டுபோய்ச் சேர்ப்பது நல்லது.